ருவாண்டாவில் 99 சதவீதம்: அருவங்காட்டுத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உன் மெசேஜ் பார்த்தேன். நானும் ருவாண்டாவிலிருந்து லீவில் கோத்தகிரி வந்திருக்கிறேன், காலையிலிருந்து மூடுபனி, கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது, அதனால் விட்டு விட்டுத்தான் எழுதுகிறேன். நீ கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: இந்த 2024 மே மாதம் அருவங்காட்டிலிருந்து கிளம்பி ருவாண்டா போய்ச் சேர்ந்தாய், தேயிலை பேக்டரியில் சிடிசி ரோலர், அதாவது இலையை நசுக்கித் தூளாக்கும் மிஷின் வேலை. ஜூலை 15 அங்கே அதிபர் தேர்தல் நடந்தது, பால் ககாமே 99.18 சதவீத ஓட்டு வாங்கி மறுபடியும் ஜெயித்தார். பேக்டரி கேன்டீனில் அதைக் கேட்டதும் "எங்க ஊர்ல பஞ்சாயத்து பிரசிடெண்டுக்குக்கூட இப்படி விழாது" என்று சிரித்தாய், மேஜையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள், ஒருவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார். ஜனங்கள் உண்மையிலேயே அவரை விரும்புகிறார்களா, இல்லை பயமா, நான் வாயை மூடிக்கொண்டு இருக்கணுமா, அம்மா வேறு தினமும் போன் போட்டுக் கலவரம் வருமா என்று கேட்கிறார்கள். இவ்வளவுதானே?

அம்மா விஷயம் முதலில். கலவரம் வராது. நான் 2009ல் அங்கே போனேன், 2010, 2017, இப்போது 2024 என்று எல்லா அதிபர் தேர்தலையும் அங்கிருந்தே பார்த்துவிட்டேன், ஒரு கடைக் கண்ணாடி உடைந்து நான் பார்த்ததில்லை. கிகாலியில் ராத்திரி பத்து மணிக்குப் பெண்கள் தனியாக நடந்து போகிறார்கள். அம்மா 1994 இனப்படுகொலை வீடியோக்களைப் பார்த்துப் பயந்திருப்பார்கள், அது நியாயமான பயம்தான், ஆனால் அதற்கும் இன்றைக்கும் நடுவில் முப்பது வருஷம் இருக்கிறது. இந்த வாரம் குன்னூரில் ஒரு வேலை இருக்கிறது, அப்படியே அருவங்காடு வந்து அம்மாவிடம் நேரிலேயே சொல்லிவிடுகிறேன், போனில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அப்புறம் அந்த 99. நம் ஆட்களுக்கு அந்த எண்ணைக் கேட்டதும் சிரிப்பு வரத்தான் செய்யும். நாம் வளர்ந்தது வேறு மாதிரி ஊரில். எம்.ஜி.ஆர் 1984ல் அமெரிக்காவில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார், ஆட்சியையும் பிடித்தார், அவரைவிட ஜனங்கள் உருகிய தலைவர் நமக்குக் கிடையாது. அப்போதும் எதிர்த்து ஓட்டுப் போட்டவன் தெருவுக்குத் தெரு இருந்தான், அதை டீக்கடையில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லவும் செய்தான். இந்த ஏப்ரல் 19 நீயே ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் கிளம்பியிருப்பாய்: நம் நீலகிரித் தொகுதியில் ராசா ஒரு பக்கம், முருகன் ஒரு பக்கம், இரட்டை இலைக்காரர்கள் ஒரு பக்கம், ஒரே வீட்டில் மூன்று கொடி. பச்சைத் தேயிலைக்கு விலை கட்டவில்லை என்று மூன்று பேரையும் சேர்த்துத் திட்டுவதும் நாமேதான். இந்தக் கண்ணோடு அங்கே போய்ப் பார்த்தால் எதுவும் புரியாது.

ககாமேவுக்கு இது புதிதும் இல்லை. 2000லிருந்து அவர்தான் அதிபர். 2003ல் 95 சதவீதம், 2010ல் 93, 2017ல் 98.79. இந்தத் தடவை எதிர்த்து நின்ற பிராங்க் ஹபினேசா, பிலிப் எம்பாயிமானா இரண்டு பேரும்தான் 2017லும் நின்றார்கள், இப்போது ஹபினேசாவுக்கு அரை சதவீதம், மற்றவருக்கு 0.32. இதற்கு மேலும் நிற்க ஆள் இல்லாமல் இல்லை. டயான் ருவிகாரா என்ற பெண்மணி 2017லும் மனுப் போட்டார், இப்போதும் போட்டார், இரண்டு முறையும் பட்டியலில் இடமில்லை. விக்டோரி இங்காபிரே 2010ல் நிற்கலாம் என்று நாடு திரும்பினார், ஜெயிலுக்குப் போனார், 2018ல் மன்னிப்பில் வெளியே வந்தார், இந்த வருஷம் நிற்க கோர்ட் அனுமதி கொடுக்கவில்லை. பழைய சட்டப்படி ககாமேவே 2017க்கு மேல் நின்றிருக்க முடியாது, 2015ல் பொது வாக்கெடுப்பு வைத்து அதை மாற்றினார்கள். இதெல்லாம் ரகசியம் ஒன்றும் இல்லை, வெளிநாட்டுப் பத்திரிகையில் எல்லாம் வந்ததுதான். உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன், கேன்டீனில் எடுத்து விடுவதற்கு இல்லை.

ஆனால் இதை மட்டும் தெரிந்துகொண்டு "அப்போ எல்லாம் பயம்தான்" என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. நீ வேலை பார்ப்பது கிசும்பிப் பக்கம்தானே? முலிண்டி எஸ்டேட் உனக்குக் கிட்டத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார். 1990 அக்டோபரில் உகாண்டாவிலிருந்து உள்ளே வந்த ஆர்பிஎஃப் (ருவாண்டா தேசபக்த முன்னணி, இப்போது ககாமேவின் ஆளும் கட்சி) படைக்குப் பிற்பாடு அந்தத் தேயிலைத் தோட்டம்தான் தலைமையிடம், ககாமே அங்கே மண்ணுக்குள் வெட்டிய பதுங்குகுழியில் இருந்துதான் சண்டையை நடத்தினார். இப்போது மியூசியம். சுற்றிலும் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள், நம் கொடநாட்டுச் சரிவு மாதிரியே இருக்கும், அதற்கு நடுவில் அந்தக் குழி. 1994 ஏப்ரல் 7லிருந்து நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேர், பெரும்பாலும் துட்சி இனத்தவர், கொல்லப்பட்டார்கள், இன்றைய ருவாண்டா அரசாங்கக் கணக்கில் பத்து லட்சத்துக்கும் மேல். உலகம் வேடிக்கை பார்த்தது. ஜூலை 4 கிகாலியைப் பிடித்து அதை நிறுத்தியது இவருடைய படை. உன் பேக்டரியில் ஐம்பது வயசுக்கு மேல் இருக்கிற யாரை எடுத்துக்கொண்டாலும் அப்போது அவருக்கு இருபது வயசு, அந்த நூறு நாளை எங்கேயோ ஒரு பக்கத்தில் நின்று கடந்து வந்தவர்.

எங்கள் பாய்லர்காரர் ஒருவர் இருக்கிறார். வீட்டில் அவர் மட்டும்தான் மிஞ்சினார். ஓட்டுப் போடும் நாளில் சலவை செய்த வெள்ளைச் சட்டை, கோட்டு, பளபளவென்று ஷூ. நான் ஒரு தடவை அவரோடு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போனேன். வகுப்பறைச் சுவரில் கொடி நிறத் துணி மடிப்பு மடிப்பாகத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள், ஓட்டுப்பெட்டி மேஜைக்குக்கூட விரிப்பு, பூ, வாசலில் தோரணம், முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துக்குள் நுழைகிற மாதிரி இருந்தது. காலை ஏழு மணிக்கு ஆரம்பம், மதியம் மூன்றுக்கு முடிந்துவிடும், ஆனால் எட்டு மணிக்கெல்லாம் அந்தத் தெருவே போட்டு முடித்திருந்தது. பக்கத்து வீட்டில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்தில் இருந்தது பயம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்காக எல்லார் மனசிலும் அதேதான் இருந்தது என்றும் சொல்லமாட்டேன். அவர் பையனுக்கு இருபத்தைந்து வயசு, படித்திருக்கிறான், வேலை கிடைக்கவில்லை, கட்சி ஊர்வலத்துக்குப் போகிறான், கட்சிப் பனியன் போட்டுக்கொள்கிறான், ஆனால் அப்பா மாதிரிப் பேசமாட்டான். பேச்சே எடுக்கமாட்டான். எழுந்து போனாரே உன் ஆள், அவர் கோபத்தில் போனாரா, அந்தப் பேச்சு நடந்த இடத்தில் தான் இருக்கக்கூடாது என்று போனாரா என்பது உனக்கும் எனக்கும் தெரிய வழியில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

வாயை மூடணுமா என்றால், எல்லாவற்றுக்கும் இல்லை. இலை விலை பற்றிப் பேசு, தாராளமாகப் பேசுவார்கள். அங்கேயும் சிறு விவசாயிகள்தான், கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கிறார்கள், அரசாங்க வாரியம் குறைந்தபட்ச விலை வைக்கிறது, தூள் கென்யாவில் மொம்பாசா ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறதோ அதை ஒட்டி அது மாறும். 2023ல் கோத்தகிரிப் பக்கம் நம் விவசாயிகள் விலைக்காக உண்ணாவிரதம் உட்கார்ந்ததை நான் சொன்னபோது வாய் பிளந்து கேட்டார்கள். ரோடு சரியில்லை, செக்டார் ஆபீசர் (உள்ளூர் நிர்வாக அதிகாரி) காது கொடுத்துக் கேட்பதில்லை, இதெல்லாம் கூட்டத்தில் எழுந்து நின்றே சொல்வார்கள். ககாமேவே ஊர்களுக்குப் போகும்போது மேடையிலேயே உள்ளூர் அதிகாரிகளை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார், ஜனங்கள் கை தட்டுவார்கள். குறை கீழே இருப்பவர்கள்மேல் சொல்லலாம். மேலே ஏறாது. இந்த ஒன்றைக் கவனித்தாலே அந்த ஊர் அரசியல் பாதி விளங்கிவிடும்.

காங்கோ எல்லைச் சண்டை பற்றி உன் அபிப்பிராயம் யாருக்கும் தேவையில்லை. போலீஸ், ராணுவ வண்டி பக்கம் போனைத் தூக்காதே. அதிபரை வைத்து நம் பசங்க போடும் மீம்ஸ் எதுவும் அங்கே வேலை செய்பவர்கள் இருக்கும் குரூப்பில் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று இருக்கிறது, நீ கேட்கவில்லை, ஆனால் நம் ஆட்கள் சறுக்குவது அதில்தான். நம் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே பூர்வீகம் எது, என்ன ஆளுங்க என்று தோண்ட ஆரம்பித்துவிடுவோம். படகரா, சிலோன்காரரா, சமவெளியா, மலையாளியா, தெரியாமல் நமக்கு டீ இறங்காது. ருவாண்டாவில் ஹூட்டு, துட்சி என்று இரண்டு இனப் பெயர்கள், நீ ஹூட்டுவா துட்சியா என்று ஒருத்தரைக் கேட்டுவிடாதே. பெயரை வைத்து, மூக்கை வைத்து, உயரத்தை வைத்து ஊகித்துப் பக்கத்து ஆளிடம் தமிழில்கூடக் கிசுகிசுக்காதே, அந்த இரண்டு வார்த்தை எந்த பாஷையில் சொன்னாலும் காதில் விழும். 1994ல் அடையாள அட்டையில் எழுதியிருந்த அந்த வார்த்தையைப் பார்த்துத்தான் ரோட்டில் நிறுத்திக் கொன்றார்கள். இன்றைக்கு அட்டையில் அது கிடையாது, இனப்படுகொலைக் கருத்தைப் பரப்புவதற்கு எதிராகத் தனிச் சட்டமே இருக்கிறது, வெளிநாட்டுக்காரன் தெரியாமல் கேட்டான் என்பது அங்கே ஒரு சமாதானமாக எடுபடாது. அடுத்த ஏப்ரல் 7 வரும்போது ஒரு வாரம் நினைவு நாள், பாட்டு, பிறந்தநாள் பார்ட்டி எதுவும் வைத்துக்கொள்ளாதே, குவார்ட்டர்ஸில் டிவி சத்தத்தைக்கூடக் குறைத்து வை.

மாசக் கடைசிச் சனிக்கிழமை உமுகாண்டா, ஊர் கூடி வேலை செய்யும் காலை. தட்டிக் கழிக்காதே. மண்வெட்டியோடு போய் நில், நம் ஃபேக்டரிக் கையைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பதினோரு மணிக்கு வேலை முடிந்து கூட்டம் போடுவார்கள், அதில் நீ பேச வேண்டாம், உட்கார்ந்திரு. கேன்டீன் சமாச்சாரம் அதிலேயே சரியாகிவிடும். எழுந்து போனவரிடம் தனியாகப் போய் மன்னிப்பு, விளக்கம் என்று ஆரம்பிக்காதே, மூடிய பேச்சை நீயே மறுபடி திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும். வழக்கம்போல வணக்கம் சொல், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேள், ரோலர் செட்டிங் பற்றி ஏதாவது சந்தேகம் கேள். அவர்களுக்கு வணக்கம் ரொம்ப முக்கியம், கை கொடுக்காமல் நேராக வேலை விஷயம் பேசுவது தேர்தலைக் கிண்டல் செய்ததைவிடப் பெரிய மரியாதைக் குறைவு.

ஒரு விஷயம் விட்டுப் போச்சு. இந்தத் தேர்தலிலிருந்து அதிபர் பதவிக்காலம் ஏழு வருஷத்திலிருந்து ஐந்தாகக் குறைந்துவிட்டது, ஆக அடுத்தது 2029. ககாமே அப்போதும் நிற்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. நீ அதுவரைக்கும் அங்கே இருப்பாயானால் தோரணமெல்லாம் மறுபடி பார்க்கலாம்.

உனக்கு ஓட்டு இருப்பது குன்னூர்ச் சட்டமன்றத் தொகுதியில், 2026ல் தேர்தல் வரும். வெளிநாட்டில் இருந்தபடி ஓட்டுப் போட நமக்கு வழி கிடையாது, படிவம் 6ஏ கொடுத்து வெளிநாடுவாழ் வாக்காளராகப் பெயரைச் சேர்த்துக்கொள், ஆன்லைனிலேயே கொடுக்கலாம், ஆனால் ஓட்டுப் போட நீ நேரில் வரணும், பூத்தில் ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் காட்டணும். லீவைப் பேசும்போதே அந்த ஏப்ரல், மே மாசத்தை மேனேஜரிடம் சொல்லி வைத்துவிடு, அது அங்கே பெருமழைக் காலம், இலை கொட்டும், கடைசி நேரத்தில் கேட்டால் விடமாட்டார்கள்.