கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்காதீர்கள்

பழைய பெட்ரோல் டிராக்டரில் எஞ்சின் வேகம் ஏறி ஏறி இறங்குகிறது, வேகத்தைச் சீராக வைக்கும் கருவியான கவர்னரின் ஸ்பிரிங்கை இறுக்கியும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஸ்பிரிங்கைப் பழையபடி வையுங்கள். இறுக்கினால் உச்ச வேகம்தான் கூடும், வயதான எஞ்சினுக்கு அது ஆபத்து.

என் சந்தேகம் கவர்னரையும் த்ராட்டிலையும் (எஞ்சினுக்குப் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் தகடு) இணைக்கும் கம்பியின் மேல்தான். எஞ்சினை நிறுத்தி, கம்பியைக் கழற்றி, கார்புரேட்டர் த்ராட்டிலை விரலால் ஆட்டுங்கள். எங்கும் பிடிக்காமல் வழுக்க வேண்டும். லேசாகச் சிக்கினாலும், கவர்னருக்குள் சுழலும் எடைகள் தள்ளும்போது முதலில் அசையாது, அப்புறம் ஒரேயடியாகத் தாவும். அந்தத் தாவல்தான் ஊசலாட்டம். கம்பி மாட்டும் பின் (pin) துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான்.

கம்பி மாட்டாமல் மட்டும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள்!

எல்லாம் சரி என்றால், கம்பியை மாட்டி, எஞ்சின் ஓடும்போது சோக்கைக் (காற்றைக் குறைக்கும் அடைப்பு) கொஞ்சம் இழுங்கள். ஊசலாட்டம் அடங்கினால் பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டைச் சுத்தம் செய்யுங்கள்.