இரண்டாம் பாகம் தடம் மாறிவிட்டதா? டிராகன் ஏஜ் 2 வாங்கும் முன்

கேள்வி: டிராகன் ஏஜ் கேமின் முதல் பாகமான ஒரிஜின்ஸை லேப்டாப்பில் இரண்டு தடவை முடித்துவிட்டேன். இரண்டாம் பாகத்தில் பெயரைத் தவிர எல்லாமே வேறு என்கிறார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் அதன் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுக்கான டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது. அத்தான் வீட்டில் புதிய எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் இருக்கிறது. வாங்கலாமா?
- மார்த்தாண்டம் வாசகர்

பதில்: டிஸ்க்கை விட்டுவிடுங்கள். சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் செருகும் இடமே கிடையாது. சீரிஸ் எக்ஸிலும் டிஸ்க் டிரைவ் உள்ள எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் இந்த ஆட்டம் ஓடும். அங்கேயும் டிஸ்க் வெறும் சாவிதான். ஆட்டம் முழுவதும் நெட்டில் இறங்க வேண்டும், ஒவ்வொரு தடவை ஆடும்போதும் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், லேப்டாப்பில் நீங்கள் முடித்த ஒரிஜின்ஸ் சேவ் (சேமித்து வைத்த ஆட்டம்) எக்ஸ்பாக்ஸுக்குப் போகாது. யாரை அரியணையில் உட்கார வைத்தீர்கள், கடைசியில் நீங்கள் ஆடிய வார்டன் பிழைத்தாரா என்பதையெல்லாம் இரண்டாம் பாகம் அந்த சேவிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். சேவ் இல்லாவிட்டால் ஆயத்தமாக வைத்திருக்கும் மூன்று முன்கதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், அவ்வளவுதான்.

ஆகவே லேப்டாப்பிலேயே, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில், கூடுதல் பகுதிகளும் சேர்ந்த அல்டிமேட் எடிஷனாக வாங்குங்கள். கோடை, குளிர்கால விற்பனைகளில் விலை நன்றாக இறங்கும். உங்கள் ஒரிஜின்ஸ் சேவ் இருக்கும் இடம் இது: டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் பயோவேர், அதற்குள் டிராகன் ஏஜ், அதற்குள் கேரக்டர்ஸ் என்று இருக்கும்; விண்டோஸைப் புதிதாகப் போடுவதாக இருந்தால் அதை முதலில் பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

இனி ஆட்டம். முதல் பாகம் 2009 நவம்பரில் வந்தது, இரண்டாவது 2011 மார்ச்சில். இடையில் 16 மாதம்தான், அந்த அவசரம் நன்றாகவே தெரிகிறது. முதலாவதில் நாடு முழுக்கச் சுற்றுவீர்கள். இதில் கிர்க்வால் என்ற ஒரே நகரமும் சுற்றுப்புறமும்தான். மனிதன், எல்ஃப், குள்ளர் என்று ஆறு தொடக்கக் கதைகள் இருந்த இடத்தில் ஹாக் என்ற ஒரே மனிதர், அவருக்குக் குரலும் உண்டு. தோழர்களின் ஆயுதம், மோதிரம் போன்றவற்றை மாற்றலாம், உடல் கவசத்தை மாற்ற முடியாது. நல்ல கவசம் கையில் கிடைத்தாலும் ஹாக்குக்குப் பொருந்தாவிட்டால் நேரே கடைக்குத்தான்.

இதையெல்லாம் தடம் மாறியது என்று குறை சொல்ல மாட்டோம். ஒரே ஊரில் ஆண்டுக்கணக்காக வாழும் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்ல இது நல்ல ஏற்பாடுதான். தோழர்களின் பேச்சும் சண்டை சச்சரவும் முதல் பாகத்துக்குக் குறைந்ததல்ல. உண்மையான குறை வேறு: ஒரே குகை, ஒரே கிடங்கு திரும்பத் திரும்ப வரும். சில கதவுகளை அடைத்து 'வேறு இடம்' என்பார்கள். மூலையில் இருக்கும் குட்டி வரைபடமோ அடைத்த பகுதியையும் சேர்த்துக் காட்டிக் கொடுத்துவிடும்!

சண்டையில்தான் பழைய கை தடுமாறும். ஒரிஜின்ஸில் கேமராவை மேலே தூக்கி, களம் முழுவதையும் பார்த்து, எதிரிக் கூட்டத்தின் நடுவே ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தைப் போட்டுப் பழகியிருப்பீர்கள். இதில் கேமரா அவ்வளவு உயரம் போகாது. எதிரிகள் அலை அலையாக வருவார்கள். முதல் கூட்டம் விழுந்ததும் அடுத்தது கூரையிலிருந்து உங்கள் மந்திரவாதியின் முதுகுக்குப் பின்னால் குதிக்கும். அதனால் பெரிய மந்திரத்தை முதல் அலையிலேயே கொட்டித் தீர்க்காதீர்கள். மந்திரவாதியைச் சுவரோரம் நிறுத்தி, நின்ற இடத்திலேயே இருக்கும்படி 'ஹோல்ட்' கொடுங்கள். உங்கள் ஆட்கள் தாமாகவே எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவைக்கும் டாக்டிக்ஸ் பட்டியலின் முதல் வரியில் 'உயிர் பாதிக்குக் கீழே போனால் மருந்து குடி' என்று வையுங்கள். நம் ஃபயர்பால் நம் ஆளையே சுடும் பழைய கஷ்டம் வேண்டுமென்றால் மிகக் கடினமான நைட்மேர் நிலையில் மட்டும்தான் கிடைக்கும்.

வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். சண்டையும் கேமராவும் ஒத்து வருமா என்று பார்க்க அது போதும். ஆனால் ஒரே குகை திரும்ப வரும் சலிப்பு அதற்குப் பிறகுதான் தலைகாட்டும், அதைப் பொறுத்துக்கொள்வீர்களா என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். உள்ளேயே வரும் 'லெகசி' என்ற கூடுதல் பகுதியில் இடங்கள் புதியவை. பாதியில் சலித்தால் அங்கே போய் வரலாம்.

கேள்வி: பாறசாலையில் ஒரு கடையில் பிசி கேம் டிஸ்க் வாங்கினேன். அதோடு வந்த ரகசியக் குறியீட்டை (கோட்) போட்டால் 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்கிறது. பில் இருந்தும் கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். கேரளத்தில் போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா?
- களியக்காவிளை வாசகர்

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம், உங்களுக்கு நாகர்கோவில். பிசி டிஸ்க்கின் குறியீடு ஒரு தடவை ஒரு அக்கவுண்டில் ஏறிவிட்டால் அதோடு சரி, அடுத்தவருக்கு அந்த டிஸ்க் வெறும் தட்டு. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால், 30 நாளுக்குள் கேட்டும் மறுப்பது முறையற்ற வணிகம். பிழைச் செய்தியைத் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். பெரும்பாலும் அதிலேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, 2 ஆண்டு அவகாசமும் உண்டு. குறியீடு இருக்கும் தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.