தேனும் மூலிகையும்: வாசகர் கேள்வி – பதில்

மார்த்தாண்டம் பக்கம் தேனீப் பெட்டி வைத்திருப்பவரிடமே நேரில் வாங்கிய தேன் இரண்டு மாதத்தில் அடியில் வெள்ளையாக உறைந்துவிட்டது. தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். கரையாமல் அடிக்குப் போனது. சீனிப்பாகு கலந்திருக்குமா?
– வாசகி, தக்கலை

உறைந்ததை வைத்துக் கலப்படம் என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் மாவட்டத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி ரப்பர் தேன். ரப்பர் மரம் இலையுதிர்ந்து துளிர்க்கும்போது, பூவிலிருந்து அல்ல, இளம் இலைக்காம்பில் உள்ள சுரப்பியில் வடியும் இனிப்பைத்தான் தேனீ எடுத்து வருகிறது. அதில் குளுக்கோஸ் கூடுதல் என்பதால் சீக்கிரம் உறையும். இளக்க வேண்டுமென்றால் பாட்டிலை 40 டிகிரி வெந்நீரில், அதாவது கை பொறுக்கும் சூட்டில், வைத்தால் போதும். அடுப்பில் நேரடியாகச் சூடாக்கினால் எச்.எம்.எஃப். என்ற சேர்மம் கூடும், நொதிகள் அழியும். கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் எச்.எம்.எஃப். இருந்தால் அது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரத்துக்குள் வராது.

ரப்பர் தேனில் கவனிக்க வேண்டியது ஈரப்பதம். 20 சதவீதத்தைத் தாண்டினால் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும்: நுரை கட்டும், புளிப்பு வாடை வரும், மூடியைத் திறந்தால் ‘புஸ்’ஸென்று காற்று வெளியேறும். உறைந்த தேனுக்கு மேலே தெளிவாக நிற்கும் பகுதியில் நீர் இன்னும் அதிகம் என்பதால் அங்கேதான் முதலில் புளிக்கும். மெழுகு மூடாத அடையை அவசரப்பட்டு எடுப்பதுதான் பெரும்பாலும் காரணம். முக்கால்வாசி அறைகளாவது மூடிய பிறகு எடுத்தீர்களா என்று பெட்டிக்காரரிடம் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் தயங்காமல் பதில் சொல்வார்.

நீங்கள் செய்த தண்ணீர்ச் சோதனையும், எறும்பு, தீக்குச்சி, காகிதச் சோதனைகளும் கெட்டித்தன்மையைத் தவிர எதையும் காட்டாது. கெட்டிப் பாகும் அடிக்குத்தான் போகும். நல்ல தேனுக்கும் எறும்பு வரும். ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1.4 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் நீர் அதிகம் என்று அறியலாம், ஆனால் பாகைப் பிடிக்க எடையும் உதவாது. ஆய்வகத்தில்கூட ‘சி4 சர்க்கரை’ பரிசோதனை கரும்பு, மக்காச்சோளப் பாகைத்தான் பிடிக்கும்; அரிசிப் பாகு அதில் தப்பிவிடும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வு, பெயர்பெற்ற நிறுவனங்களின் தேன்கூட என்.எம்.ஆர். என்ற நுட்பமான காந்த அதிர்வுப் பரிசோதனையில் தோற்றதைச் சொன்னபோது நாடே திடுக்கிட்டது இதனால்தான். மருந்துக்காகத் தொடர்ந்து வாங்குபவர், அந்தத் தொகுதி எண்ணுக்கான (பேட்ச் நம்பர்) ஆய்வக அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஈரப்பதம், எச்.எம்.எஃப்., சி4 சர்க்கரை (வரம்பு 7 சதவீதம்), அரிசிப் பாகுக்கான குறிப்பான் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும்.

ஏழு மாதக் குழந்தைக்குச் சளி. துளசிச் சாற்றில் தேன் குழைத்துக் கொடுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

கூடாது. ஒரு வயது முடியும்வரை தேன் நாக்கில் படவே வேண்டாம், சேனை வைக்கும்போதும்தான். தேனில் பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். சிசுவின் குடலில் அவை முளைத்து நச்சைச் சுரந்தால் தசைகள் தளர்ந்து மூச்சுவரை பாதிக்கும். வீட்டில் கொதிக்கவைத்தாலும் வித்து சாகாது. இந்த வயதில் சளி என்றால் கைவைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கபசுரக் குடிநீரைச் சில்லறையாக வாங்குவதா, பாக்கெட்டாகவா? காய்ச்சும் முறையும் சொல்லுங்கள்.
– வாசகர், மதுரை

பாக்கெட்டே மேல். அதில் ஆயுஷ் மருந்து உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். உணவு உரிம எண் மட்டும் இருந்தால் அது மருந்தாக அனுமதி பெற்றதல்ல. ‘மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்’ என்ற எச்சரிக்கை இருந்தால், நச்சுப் பட்டியலில் உள்ள சரக்கு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

5 கிராம் சூரணத்தை 240 மில்லி நீரில் இட்டு, மூடாமல் சிறுதீயில் 60 மில்லியாக வற்றவைத்து வடிகட்டுங்கள். சூரணம் கொரகொரப்பாக இருக்கட்டும். மாவாக அரைத்தால் வண்டல் இறங்கி வடிகட்டவே வராது. அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றே குடியுங்கள். தேன் சேர்ப்பதானால் வெதுவெதுப்பான பிறகு.

பெயரில்லாத பொட்டலத்தின் ஆபத்துக்கு ஒரு சான்று: 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்குக் கொடுத்த மாத்திரைகளில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா வகைச் செடி ஆள்மாறி வந்து, பல பெண்களின் சிறுநீரகம் செயலிழந்தது. நம் ஆடுதின்னாப்பாளையும் அதே இனம்தான். அதைக் கஷாயமாகக் குடிக்கச் சொல்லும் காணொளிகளை நம்பாதீர்கள்.

மூட்டுவலிக்குத் தேனீயைக் கொட்டவிடும் சிகிச்சை செய்கிறார்கள். போகலாமா?
– வாசகர், கோவை

ஒவ்வாமைக்கான அவசர ஊசியும் மருத்துவரும் இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள். முன்பு கொட்டி ஒன்றும் ஆகவில்லை என்பது பாதுகாப்பல்ல. மறுபடி மறுபடி கொட்டுவதே ஒவ்வாமையை வளர்க்கலாம். ஸ்பெயினில் இரண்டு ஆண்டுகளாக இந்தச் சிகிச்சை எடுத்துவந்த 55 வயதுப் பெண் ஒருவர் ஒரு கொட்டுக்குப் பிறகு இறந்ததாக 2018இல் மருத்துவ இதழில் பதிவானது. கொட்டிய பின் உடல் முழுக்கத் தடிப்பு, தொண்டை இறுக்கம், இளைப்பு, தலைசுற்றல் வந்தால் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. அது இல்லாவிட்டால் 108. ஆஸ்துமாவோ மகரந்த ஒவ்வாமையோ உள்ளவர்கள் அரசக்கூழ் (ராயல் ஜெல்லி), தேனீ மகரந்தம், புரோபோலிஸ் (தேனீ கூட்டில் பூசும் பிசின்) பக்கமும் போக வேண்டாம்.

சித்த மருத்துவர் முறையாகப் படித்தவரா என்று எப்படி அறிவது?
– வாசகர், திருவண்ணாமலை

சித்த மருத்துவத்துக்கான பி.எஸ்.எம்.எஸ். ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு. பட்டமும் மருத்துவக் கவுன்சில் பதிவெண்ணும் பெயர்ப்பலகையிலோ சீட்டிலோ இருக்கும், இல்லையென்றால் கேளுங்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. போகும்போது சாப்பிடும் ஆங்கில மருந்துகளையெல்லாம் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்; சிறுகுறிஞ்சானைச் சர்க்கரை மாத்திரையோடு சேர்த்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்து முடிந்ததும் பாக்கெட்டை எறிந்துவிடாதீர்கள். பக்கவிளைவு வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது தொகுதி எண்ணைத்தான்.