மூக்குப் பிளவு ஆபரேஷனுக்கு நகையை விற்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் முக்கூடல். நான் பீடி சுற்றுகிறேன், கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வண்டிச் செலவு போக இருவருக்கும் சேர்த்து மாதம் 9,000 ரூபாய் கைக்கு வரும். ஏழு மாதப் பெண் குழந்தைக்குப் பிறவியிலேயே வலது பக்க மூக்கு மடல் பிளந்திருக்கிறது. இரண்டு, மூன்று ஆபரேஷன் தேவைப்படும் என்கிறார் டாக்டர். ஆறு பவுன் நகையை விற்பதா, தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு இரண்டு லட்சம் வாங்குவதா? புதிதாக பாலிசி எடுக்கச் சொல்லி ஒரு ஏஜென்ட்டும் வருகிறார்.

பதில்: சகோதரி, மூணு வட்டியை இன்றோடு மறந்துவிடுங்கள். இரண்டு லட்சத்துக்கு மாதம் 6,000 ரூபாய் வட்டிக்கே போகும். அசல் அப்படியே நிற்கும். மிச்சம் 3,000 ரூபாயில் குடும்பம் நடக்காது.

இந்தச் செலவு ஒரே நாளில் வருவதும் இல்லை.  இதற்கான சிகிச்சை கட்டம் கட்டமாகத்தான் நடக்கும்.  முதலில் ஸ்கேன் பார்த்து, பிளவு எலும்பு வரை போயிருக்கிறதா என்று உறுதி செய்வார்கள். சிறு வயதில் பக்கத்துத் தோலைத் திருப்பி மடலைச் சரி செய்வது பெரும்பாலும் முதல் கட்டம். காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து வைப்பது தேவைப்பட்டால் பிறகு. கடைசித் திருத்தம் மூக்கு வளர்ந்து முடிந்தபின், பதினாறு, பதினேழு வயதில். எந்தக் கட்டம் எந்த வயதில் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ‘பிறவிக் குறைபாட்டைச் சீரமைக்கும் சிகிச்சை’ என்று அதில் இருக்கட்டும். அழகுக்காகச் செய்வது என்று யாராவது தள்ளிவிட்டால் அந்தக் கடிதம்தான் பேசும்.

உங்கள் ஆண்டு வருமானம் 1,08,000 ரூபாய். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வரம்பு 1,20,000. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் பதிவு செய்யுங்கள். அப்புறம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில், குழந்தையின் சிகிச்சைக்கு முன் அனுமதி கேளுங்கள். அது கைக்கு வரும்வரை எங்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

பாலிசி வேண்டாம். வெளியே தெரியும் பிறவிக் குறைபாடுகளைப் பல பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கின்றன. பிரீமியம்தான் வீணாகும்.

காப்பீடு கிடைத்தாலும் கைச்செலவு உண்டு. பஸ், சாப்பாடு, கணவர் வண்டி எடுக்காத நாட்கள், நீங்கள் பீடித் தட்டைத் தொடாத நாட்கள். இதைத்தான் பலரும் கணக்கில் விடுகிறார்கள். அதற்கு ஒரு பவுனை மட்டும் கூட்டுறவு சங்கத்தில் அடகு வையுங்கள். நகையை விற்க வேண்டாம். அடுத்த கட்டத்துக்குத் தபால் ஆபீஸில் ஐந்தாண்டு ஆர்.டி. தொடங்குங்கள். மாதம் 300 ரூபாய் போட்டால்கூட அசலே 18,000 சேரும், வட்டி தனி.