ஐந்து விரல்களிலும் நகம்: வயோமிங் வௌவால் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஓனிகோனிக்டெரிஸ் ஃபின்னியை என்றால் என்ன பொருள்?

'நக வௌவால்'. அழிந்துபோன ஒரு வௌவாலின் அறிவியல் பெயர் இது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 2003இல் இதன் புதைபடிவத்தைக் கண்டெடுத்த போனி ஃபின்னியின் பெயர் பின்னால் சேர்ந்திருக்கிறது. இன்றைய பூச்சியுண்ணி வௌவால்களுக்குக் கட்டைவிரலில் மட்டுமே நகம். பழந்தின்னிகள் பலவற்றுக்கு அடுத்த விரலிலும் உண்டு. இதற்கோ ஐந்திலும்! புதைபடிவத்தின் படம் கிடைத்தால் பெரிதாக்கி, நீண்ட விரலெலும்புகளின் நுனியைப் பாருங்கள். கொக்கி போல வளைந்த நகங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும்.

கேள்வி: பறந்ததா, தாவியதா?

பறந்தது. இறக்கைச் சவ்வைத் தாங்கும் நீண்ட விரல்களும் பறப்புத் தசைகள் பற்றிக்கொள்ளும் மார்பெலும்பும் இருக்கின்றன. ஆனால் இறக்கை குட்டை, பின்னங்கால் நீளம். மரக்கிளைகளில் நன்றாக ஏறவும் செய்திருக்க வேண்டும்.

கேள்வி: எதிரொலி கேட்டு இரை தேடியதா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

எனக்கு மிகவும் பிடித்த சர்ச்சை இது. 2008இல் வௌவால் ஆய்வாளர் நான்சி சிம்மன்ஸ் குழுவினர் நத்தைச் சுருள் போன்ற உட்செவி உறுப்பை அளந்தார்கள். எதிரொலியால் வழியறியும் வௌவால்களில் அது பெரிதாக இருக்கும், இதில் சிறியது. ஆகவே பறப்பு முந்தியது, எதிரொலி பிந்தியது என்றார்கள். 2010இல் வேறொரு குழு, தொண்டையிலிருந்து செவிக்குப் போகும் மெல்லிய எலும்பைக் காட்டி மறுத்தது. குரல்வளையால் ஒலியெழுப்பும் வௌவால்களில் அது செவியெலும்போடு சேர்ந்திருக்கும். இதிலும் அப்படித்தான் என்பது அவர்கள் வாதம். எலும்பு நசுங்கியிருப்பதால் அப்படிச் சொல்ல முடியாது என்று சிம்மன்ஸ் தரப்பு பதில் எழுதியது. ஏறக்குறைய 5.2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஏரிச் சேறு நகங்களைக் காத்துத் தந்தது, செவியைத் தட்டையாக்கிவிட்டது. நான் சிம்மன்ஸ் பக்கம்தான்; சுருளின் அளவை அந்த எலும்பைவிட நம்புகிறேன்.

கேள்வி: அப்படியானால் எல்லா வௌவாலுக்கும் இதுதான் மூதாதையா?

இல்லை. அதே ஏரிப் படிவங்களில் இக்காரோனிக்டெரிஸ் என்ற இன்னொரு வௌவாலும் கிடைத்திருக்கிறது. அதன் செவி எதிரொலிக்கு ஏற்றது. ஓனிகோனிக்டெரிஸ் பழைய சாயலை விடாத உறவு, அவ்வளவே.

கேள்வி: இந்தியாவில் இவ்வளவு பழைய வௌவால் உண்டா?

உண்டு. குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் தாடைகளும் பற்களும் கிடைத்தன. 2007இல் ஏழு இனங்களை விவரித்தார்கள். காலமும் கிட்டத்தட்ட இதுவே.

கேள்வி: நசுங்காத செவி எங்குமே இல்லையா?

இருக்கிறது. பிரான்ஸில் கிடைத்த வியேலாசியா என்ற வௌவால், 2023இல் விவரிக்கப்பட்டது, சுமார் 5 கோடி ஆண்டு பழையது. மண்டையோடு உருக்குலையாமல் வந்திருக்கிறது. உட்செவி இன்றைய எதிரொலி வௌவால்களுடையதை ஒத்திருக்கிறது. வயோமிங்கிலும் அப்படி ஒரு மண்டையோடு கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை.