மக்காசார் மொழியில் அன்றாடம் புழங்கும் சொற்கள் என்னென்ன? ஆங்கிலத்தில் அவற்றுக்கு என்ன பொருள்?

தாபெ', இயே', தெனா, பாஜி'. இந்த நாலும் தெரிந்தால் ஒரு நாளை ஓட்டிவிடலாம். வரிசையாக 'எக்ஸ்க்யூஸ் மீ', 'யெஸ்', 'நோ', 'குட்'. கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் தமிழ் தெரிந்தவர் இந்த மொழியை ஆங்கிலம் வழியாகப் படிப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

மக்காசார், இந்தோனேசியாவின் தெற்கு சுலாவெசி மாகாணத் தலைநகர். 1971 முதல் 1999 வரை உஜுங் பாண்டாங் என்று பெயர் மாறியிருந்தது. கடற்பாசி வாங்கும் வேலையாக அங்கே இருந்தேன். தக்காலார், ஜெனெபொந்தோ கடற்கரைக் கிராமங்களில் வீட்டுப் பேச்சு முழுக்க இந்த மொழிதான். சுமார் 20 லட்சம் பேர் பேசுகிறார்கள். பக்கத்தில் பேசும் பூகிஸ் வேறு மொழி. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் இரு தரப்புக்கும் பிடிக்காது.

ஒரு உச்சரிப்புக் குறிப்பு. சொல்லில் ' என்று போட்டிருக்கும் இடத்தில் தொண்டையைச் சட்டென்று அடைத்து நிறுத்த வேண்டும். பாஜி' என்பதை இழுத்து 'பாஜீ' என்றால் அவர்களுக்கு விளங்காது.

இனி சோற்றுக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலப் பட்டியல்களில் 'ரைஸ்' என்று தேடினால் மூன்று சொற்கள் வந்து நிற்கும்: ஆசெ, பெராசா', கன்ரெ. எதை எங்கே சொல்வது என்று வெள்ளைக்காரர் திண்டாடுவார். நமக்கு என்ன கஷ்டம்? நெல், அரிசி, சோறு. அவ்வளவுதான். கன்ரெயிலிருந்து வருவது ஙன்ரெ, சாப்பிடுவது. (தமிழில் வேலையில்லாமல் கிடக்கும் ங-வுக்கு அங்கே நல்ல வேலை.) 'லெ'பா'மாகி' ஙன்ரெ?' என்றால் 'சாப்பிட்டாச்சா?' நம்மைப் போலவே இதையும் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. மீன் ஜுகு', தண்ணீர் ஜே'னே', உப்பு சே'லா, தேங்காய் கலுகு, வாழைப்பழம் உந்தி, மாம்பழம் தாய்பா. ஜெனெபொந்தோ என்ற ஊர்ப் பெயரிலும் ஜெனெபெராங் என்ற ஆற்றின் பெயரிலும் முன்னால் நிற்பது அந்தத் தண்ணீர்தான்.

'நோ' விஷயமும் இப்படித்தான். தெனா என்றால் இல்லை. தெயாய் என்றால் அல்ல. தெயாகோ என்றால் செய்யாதே: 'தெயாகோ லர்ரோ', கோபப்படாதே. மூன்றுக்கும் ஆங்கிலப் பட்டியல் 'நோ, நாட், டோன்ட்' என்று ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடும். தெனாவுக்குப் பின்னால் ஒரு வால் (விகுதி) ஒட்டினால் இன்னும் இரண்டு கிடைக்கும். தெனாபா என்றால் இன்னும் இல்லை. தெனாமோ என்றால் இனி இல்லை, தீர்ந்துபோச்சு. மீன் கடையில் இந்த இரண்டாவதைத்தான் அதிகம் கேட்பீர்கள்.

உண்மையில் இந்த மொழியின் உயிரே வால்களில்தான் இருக்கிறது. மி, பி, ஜி என்று மூன்று. லெ'பா'மி: முடிஞ்சாச்சு. அம்முகோபி: நாளைக்குத்தான், அதற்கு முன்னால் இல்லை. ருவாஜி: ரெண்டே ரெண்டுதான். நலமா என்று 'அபா கரேபா?' கேட்டால் 'பாஜி'-பாஜி' ஜி' என்பார்கள். 'நல்லாத்தான் இருக்கேன்' என்பதன் 'தான்' அந்த ஜி-யில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குத் தனிச் சொல்லே கிடையாது என்பதால் அகராதிகள் இவற்றைக் கண்டுகொள்ளாமல் விடுகின்றன. நகரத்து இளைஞர்கள் தாய்மொழியை மறந்து இந்தோனேசியம் பேசினாலும் இந்த மூன்றை மட்டும் விடுவதில்லை.

அடுத்து மரியாதை. கோ என்றால் நீ, கி' என்றால் நீங்கள். 'லகெகோ மாயெ?' எங்கே போறே. 'லகெகி' மாயெ?' எங்கே போறீங்க. வழியில் எதிர்ப்படும் எவரும் கேட்பார்கள். வேவு பார்க்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அது வணக்கம். 'ஆமா' சொல்வதிலும் இரண்டு வகை: சமவயதுக்காரரிடம் இயோ, பெரியவரிடம் இயே'. பெயர் கேட்பது 'இனாய் அரெங்தா?' இனாய் என்றால் யார். ஆக 'உங்க பேரு யாரு?' என்று கேட்கிறார்கள்.

இதில் ஒரு அழகு உண்டு. நாம், நாங்கள் என்ற பிரிவு அவர்களுக்கும் இருக்கிறது: இகத்தே நாம், இகம்பே நாங்கள். அந்த இகத்தே-யையே மரியாதையான 'நீங்கள்' ஆகவும் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் முன்பின் தெரியாதவரிடம் 'நமக்கு எந்த ஊருங்க?' என்று கேட்பார்களே, அதே மனசுதான். இந்தோனேசியம் பேசும்போதும் மக்காசார்க்காரர்கள் நாம் என்று பொருள்படும் 'கித்தா'-வை 'நீங்கள்' என்றே சொல்வார்கள். ஜகார்த்தாக்காரர், தன்னையும் கூட அழைக்கிறார்கள் என்று நினைத்து விழிப்பார்.

தாபெ'-வை வாயால் மட்டும் சொன்னால் பாதிதான். உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே போகும்போது உடம்பைக் குனிந்து, வலது கையைத் தாழ்த்தி நீட்டியபடி சொல்ல வேண்டும். அதைச் செய்யாத வெளியூர்க்காரரைப் பற்றி அவர் போன பிறகு பேச்சு இருக்கும்.

உறவுச் சொற்களில் ஒன்று மட்டும்: சரி'பத்தாங், உடன்பிறந்தவர். பத்தாங் என்றால் வயிறு. சகோதரன் என்ற வடசொல்லுக்குள்ளும் ஒரே வயிறு இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எண்கள்: சே'ரெ, ருவா, தல்லு, அப்பா', லிமா, அன்னாங், துஜு, சகன்துஜு, சலபாங், சம்புலோ. மூன்று, நாலு என்று அவர்கள் எண்ணும்போது நம் காதில் யாரோ பழுதான பஸ்ஸைத் தள்ளச் சொல்வது போலவே விழும்.

காசுக்கு டோயே'. 'தெனா டோயே'கு', என்னிடம் காசில்லை. இது டச்சு நாணயமான டொய்ட். நம் துட்டும் அங்கிருந்து வந்ததுதான். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக் கம்பெனி, 1667-ல் புங்காயா உடன்படிக்கையால் இங்கிருந்த கொவா அரசை மடக்கியது. கப்பல் மட்டும் நம்மிடமிருந்து போனது: தமிழ்க் கப்பல் மலாயில் கபால் ஆகி, மக்காசாரில் கப்பாலா' ஆயிற்று. ஏன் அந்த வால்? உயிரெழுத்து, 'ங்', தொண்டை அடைப்பு இந்த மூன்றில்தான் அவர்கள் சொல் முடியும். அதனால் சந்தையைக் குறிக்கும் பாசார், பாசாரா' ஆகும்; பாட்டிலைக் குறிக்கும் போத்தோல், போத்தோலோ' ஆகும். நாம் கார், பஸ்ஸைக் காரு, பஸ்ஸு ஆக்குவதைப் போல. 'ன்' என்று முடிக்கவும் வராது. சாப்பிடுவதைக் குறிக்கும் இந்தோனேசியச் சொல்லான 'மகான்' அவர்கள் வாயில் 'மகாங்'. இந்தக் குழப்பத்துக்கு 'ஒக்கொட்ஸ்' என்று பெயர் வைத்து அவர்களே கிண்டலடித்துக்கொள்வார்கள்.

டச்சுக்காரரைக் குறித்த பலாண்டா என்ற சொல் இன்னும் தூரம் போனது. கடல் அட்டை பிடிக்க மக்காசார்ப் படகுகள் 1907 வரை வட ஆஸ்திரேலியாவுக்குப் போய்வந்தன. அங்குள்ள யோல்ங்கு பூர்வகுடிகள் வெள்ளைக்காரரை இன்றும் பலாண்டா என்கிறார்கள்.

'சிரி' ந பச்செ' என்ற அவர்களின் வாழ்நெறியை எல்லோரும் பெரிதாக விளக்குவார்கள். சிரி'-க்கு ஆங்கிலத்தில் வெட்கம், கௌரவம் என்று இரண்டு சொல் போடுவார்கள். நமக்கு மானம் ஒன்றே போதும். பச்செ, அடுத்தவர் துன்பம் நம் நெஞ்சில் சுருக்கென்று குத்துவது. 'எவாகோ!' என்று மைதானத்தில் கேட்டால் பயப்பட வேண்டாம். 1915-ல் தொடங்கிய பி.எஸ்.எம். கால்பந்து அணியின் ரசிகர்கள் 'விடாதே, எதிர்த்து நில்' என்கிறார்கள்.

படிக்க வேண்டும் என்றால்: பழைய பெரிய அகராதிகள், மத்தெஸ் 1859-ல் செய்ததும் சென்ஸ் 1979-ல் செய்ததும், இரண்டுமே டச்சு மொழியில். ஆங்கிலத்தில் ஆன்டனி ஜூக்ஸ் எழுதிய இலக்கணம் 2020-ல் வந்தது. வால்களைப் பற்றி விரிவாக அதில்தான் கிடைக்கும். நகரத்திலேயே தங்குவதாக இருந்தால் இந்தோனேசியம் கற்று அதோடு மி, பி, ஜி-யை ஒட்டப் பழகுங்கள். ஜெனெபொந்தோ பக்கம் வேலை என்றால் லகெகி' மாயெ-யில் தொடங்குங்கள். கோ-வைச் சின்னப் பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.