பழைய காரை நேரடியாக விற்கும்போது என்ன விலை சொல்வது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வசிக்கிறேன். என்னுடைய 2017ஆம் ஆண்டு போலோ வீவோ 1.4 காரை இடையில் யாரும் இல்லாமல் நானே விற்க விரும்புகிறேன். கார் வாங்கும் நிறுவனம் ஒன்று 1,05,000 ராண்ட் தருவதாகச் சொல்கிறது. விளம்பரத் தளங்களிலோ இதே கார் 1,60,000 வரை போட்டிருக்கிறது. எது நியாயமான விலை?

பதில்:

இரண்டுமே உங்கள் விலை அல்ல. முதலாவது, உங்கள் காரை வாங்கி, பழுது நீக்கி, மெருகேற்றி, இன்னொருவருக்கு லாபத்துடன் விற்க வேண்டியவர் தர முன்வரும் தொகை. இரண்டாவது, அப்படி விற்பவர் கேட்கும் தொகை. அவர் அவ்வளவு கேட்கிறார் என்பது மட்டுமே நமக்குத் தெரிகிறது. அந்தப் பணம் அவர் கைக்கு வந்ததா என்பது விளம்பரத்தில் தெரியாது. நேரடியாக விற்பவருக்கான இடம் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நடுவில் எந்தப் புள்ளி என்பதைத்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

டீலர் கேட்கும் விலையை நாமும் ஏன் கேட்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். 2023இல் நானும் அப்படித்தான் நினைத்தேன். டீலரிடம் வாங்குபவருக்குக் காருடன் வேறு சிலவும் கிடைக்கின்றன. 2011இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், தேய்மானத்தால் வந்ததாக இல்லாதபட்சத்தில், பழுது நீக்கித் தரவோ மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ டீலரைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. வங்கிக் கடனுக்கான தாள்களையும் டீலரே பார்த்துக்கொள்வார். விற்பனையைத் தொழிலாகச் செய்யாத உங்களையும் என்னையும் அந்தச் சட்டம் கட்டாது. நாம் இந்நாட்டு வழக்கப்படி 'ஃபுட்ஸ்டூட்ஸ்' என்று எழுதி, இருக்கும் நிலையில் இருக்கும்படியே விற்கிறோம். ஆகவே நாளை கியர்பாக்ஸ் உடைந்தால் அந்தச் செலவு வாங்கியவரின் தலையில்தான் விழும். அந்தச் சுமையை ஏற்றுக்கொள்பவர் டீலருக்குக் கொடுக்கும் அதே தொகையை நமக்கும் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொன்றும் உண்டு. தனியாரிடம் கார் வாங்கக் கடன் தரும் வங்கிகள் இருந்தாலும் அதில் அலைச்சல் அதிகம் என்பதால், நம்மிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சேர்த்து வைத்த பணத்துடன்தான் வருகிறார்கள். எண்பதாயிரம் ராண்டைச் சேமிப்பிலிருந்து எடுத்து வைக்கக்கூடியவர்கள் பலர் இருப்பார்கள். மூன்று லட்சத்தை எடுத்து வைக்கக்கூடியவர்கள் மிகச் சிலர். கார் விலை உயர உயர நேரடி விற்பனைக்கு ஆள் குறைவார்கள் என்பதால், விலையுயர்ந்த காரை விற்பவர் நடுப்புள்ளியிலிருந்து கீழே இறங்கவும் மனதைத் தயார்செய்துகொள்ள வேண்டும். உங்கள் கார் அந்த வகையில் சேராது என்பது உங்களுக்கு நல்லதே.

விளம்பரங்களைப் பார்க்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் தவறு அங்கேதான் தொடங்குகிறது. போலோ வேறு, போலோ வீவோ வேறு. முந்தைய தலைமுறைப் போலோவை அடிப்படையாகக் கொண்டு குறைந்த விலைக்குச் செய்யப்பட்டதுதான் வீவோ. பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் இரண்டின் விலைகளையும் கலந்து பார்த்துவிட்டு ஏமாறுபவர்கள் இருக்கிறார்கள். அதே ஆண்டு, அதே எஞ்சின், அதே கியர் வகை, ஓடிய தூரத்தில் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லாதவை என்று சல்லடை போட்டால் நூறு விளம்பரங்கள் பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கிவிடும். அவற்றில் டீலர்கள் போட்டவற்றைத் தனியாகவும் தனியார் போட்டவற்றைத் தனியாகவும் ஒரு தாளில் எழுதி, இரண்டு வாரம் கவனியுங்கள். சில நாளில் மறைந்துவிடுவது பெரும்பாலும் சரியான விலை சொன்ன கார். மாதக்கணக்கில் அங்கேயே நிற்பது, யாரும் கொடுக்கத் தயாராக இல்லாத விலைக்குச் சாட்சி. நிற்கும் கார்களைப் பார்த்து விலை வைப்பவர், விற்காதவர்களிடம் பாடம் கேட்கிறார்.

என் கதைக்கு வருகிறேன். டர்பன் மெரிபேங்க்கில் இருந்தபோது 2016ஆம் ஆண்டு கொரோலா குவெஸ்ட் ஒன்று வைத்திருந்தேன். 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதைப் போன்ற காருக்கு டீலர்கள் 1,65,000 ராண்ட் கேட்டார்கள். புதிய இருக்கை உறையும் பின்பக்கக் கேமராவும் போட்டிருக்கிறேனே என்ற நினைப்பில் நான் 1,72,000 என்று விளம்பரம் செய்தேன். எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள பிராஸ்பெக்டன் ஆலையில் செய்த கார் என்ற என் பெருமைக்கும் யாரும் காசு தருவதாக இல்லை. ஆறு வாரத்தில் மூன்று பேர் வந்தார்கள். இடையில் ஆயிரம், இரண்டாயிரம் என்று நான்கு முறை குறைத்தேன். ஒவ்வொரு முறை குறைத்ததும், காரில் ஏதோ கோளாறு இருக்கிறது என்ற சந்தேகத்தைத்தான் வளர்த்தது.

மூன்றாவதாக வந்த பெரியவர் டிக்கியின் அடிவிரிப்பைத் தூக்கிப் பார்த்து, ஓரத்தில் இருந்த துருவைக் காட்டி, "இது தெரியுமா தம்பி?" என்று கேட்டார். உண்மையாகவே எனக்குத் தெரியாது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பன் காரை வாங்க வருகிற யாரும் விரிப்பைத் தூக்காமல் போவதில்லை. என்னுடையது வெள்ளத்தில் நனைந்ததல்ல, கடற்காற்றில் வந்த துரு என்று விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிறகுதான் கணக்கை முறையாகப் போட்டேன். கார் வாங்கும் நிறுவனம் ஒன்று எழுதித் தந்த விலை 1,18,000, டீலர்கள் கேட்டது 1,65,000, நடுப்புள்ளி 1,41,500. முன் டயர்கள் இரண்டையும் மாற்ற 3,000. துருவை நீக்கிப் பெயிண்ட் அடிக்க, தமிழ்நாட்டில் டிங்கரிங் கடை என்பார்களே, அந்தப் பேனல் பீட்டர் எழுதித் தந்தது 5,500. கழித்தால் 1,33,000. இதுதான் நான் ஏற்றுக்கொள்ளும் விலை. பேரம் பேசாமல் கார் வாங்கும் மனிதர் நம் சமூகத்தில் பிறக்கவில்லை என்பதால், அதற்கு மேல் ஏறக்குறைய ஐந்து விழுக்காடு சேர்த்து 1,39,500 என்று புதிய படங்களுடன் மறுபடியும் விளம்பரம் செய்தேன். துருவையும் டயரையும் படமெடுத்துப் போட்டு, அவற்றுக்கான தொகையைக் கழித்தே விலை வைத்திருப்பதாக எழுதினேன். ஒன்பதாம் நாள் 1,34,000க்கு விற்றது. வந்தவர் குறைகளைக் காட்டி விலையை இறக்க முயலவில்லை; முயல்வதற்கு நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஃபுட்ஸ்டூட்ஸ் என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், தெரிந்தே மறைத்த குறைக்கு அந்தச் சொல் காவல் நிற்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எவற்றைக் கழிப்பது என்று ஊகிக்க வேண்டியதில்லை. புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்ற, கார் சாலையில் ஓடத் தகுதியானது என்று காட்டும் ரோட்வொர்த்தி சான்றிதழ் எப்படியும் தேவை. விற்பதற்கு முன்பே காரைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனால், தேறாத பாகங்களின் பட்டியலை அவர்களே தந்துவிடுவார்கள். சிறு வேலைகளைச் செய்து முடித்துச் சான்றிதழுடன் விற்கலாம், அல்லது பட்டியலைக் காட்டி விலையில் கழிக்கலாம். சான்றிதழ் அறுபது நாளுக்குத்தான் செல்லும் என்பதால் மிக முன்னதாக எடுத்து வைப்பதில் பயனில்லை.

கூட்டுவதற்கு உரியவை குறைவு. முத்திரையுடன் நிறைந்த சர்வீஸ் புத்தகம், பில்கள், ஒரே உரிமையாளர், குறைந்த ஓட்டம் ஆகியவற்றுக்கு மதிப்பு உண்டு. ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் முதல் இருபதாயிரம் கிலோமீட்டர் வரை சாதாரணம் என்று இங்கே கொள்வார்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி இளைஞர்கள் உயிரைக் கொடுத்துப் பொருத்தும் அலாய் சக்கரங்களுக்கும் பெரிய ஒலிபெருக்கிகளுக்கும் வாங்குபவர் ஒரு ராண்டும் கூடுதலாகத் தர மாட்டார்; கழற்றித் தனியாக விற்பதே மேல். வங்கிக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்பதும் விலைக் கணக்கில் சேராது. அது உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலான விவகாரம். விற்ற பணம் பாக்கிக்குப் போதாவிட்டால் மீதியை நீங்கள்தான் கட்டியாக வேண்டும். பதிவுத் தாளில் கார் மறுகட்டுமானம் செய்யப்பட்டது என்பதைக் குறிக்கும் மூன்றாம் குறியீடு இருந்தால், மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. அத்தகைய காருக்கு அதே குறியீடுள்ள கார்களின் விலையை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால் நடுப்புள்ளி 1,32,500. ஆனால் 1,60,000 என்பது நீங்கள் கண்ட மிக உயர்ந்த விலை என்று எழுதியிருக்கிறீர்கள். சல்லடைக்குப் பிறகு எஞ்சும் டீலர் விலைகளில் நடுவில் நிற்பதை எடுத்துக்கொண்டால் உங்கள் நடுப்புள்ளியும் இறங்கும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர் என்பதால் துருவைப் பற்றி நீங்கள் அவ்வளவு கவலைப்பட வேண்டாம். உங்கள் 1.4 எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. அது அறுந்தால் எஞ்சினே போய்விடும் என்பது வீவோ வாங்க வருபவர்களுக்குத் தெரியும். முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்கள். மாற்றிய பில் கையில் இருக்கிறதா என்று விளம்பரம் போடுவதற்கு முன் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், மாற்றுவதற்கான செலவை ஒரு மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, கழிவுப் பட்டியலில் முதல் வரியாகச் சேர்த்துவிடுங்கள்.